கசப்பு தெரிந்த நாக்கு

— மேசையைப் பார்க்காதே. பார்த்தாயிற்று, இனிப் பார்க்காதே. அவள் முகத்தைப் பார். ஜன்னலைப் பார். மூலையில் அடுக்கியிருக்கும் உண்டியல் டப்பாக்களைப் பார். உன் முகம் உன்னிடமே இருக்கட்டும். முதலில் அவள் பேசி முடிக்கட்டும்.

— என்னக்கா, உதடு அசையுது, சத்தம் வரல. உள்ளுக்குள்ளயே என்னைத் திட்டறீங்களா?

— திட்டல. இன்னொரு தடவை சொல்லு. சரியா காதுல விழல.

— நல்லாவே விழுந்துச்சு. பரவால்ல, மறுபடியும் சொல்றேன். ரெண்டு பாட்டில், ஒரு ஸ்பூன். இதுல ஒரு சொட்டு, அதுல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. எது நிஜ மருந்து, எது டம்மின்னு சொல்லுங்க. வாயால சொல்ல வேண்டாம், விரலால காட்டினா போதும். நான் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்.

— யாரோட பாட்டில் இதெல்லாம்?

— இது என் பையனோடது. இந்த ரப்பர் பேண்டு சுத்தினது துணிக்கடை அம்மாவோட பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தது. மாறிடக் கூடாதுல்ல, அதான் பேண்டு.

— துணிக்கடை அம்மாவே குடுத்தாளா?

— அவளேதான்க்கா. பேசி முடிவு பண்ணிட்டோம். எது நிஜமா இருந்தாலும் பாதிப் பாதி. ஒரு பிள்ளை மருந்து குடிக்க, இன்னொண்ணு வெறும் கலர் தண்ணியைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிறதுக்கு இது மேல். ரெண்டும் நிஜம்னா சந்தோஷம். ரெண்டும் டம்மின்னா மூணாவது ஆளைத் தேடுவோம்.

— மூணாவது ஆள் நாலாவது ஆளைத் தேடுவா.

— தேடட்டுமே. பிள்ளையைப் பெத்தவ தேடத்தான் செய்வா.

— கீழே யாரு இப்படி ஹார்ன் அடிக்கிறது?

— நம்ம ஆளுதான். ரிட்டையர் ஆன தாத்தா ஒருத்தர், கார் ஓட்டக் கத்துக்கறாரு. வண்டியிலயே உட்கார வச்சுட்டு வந்திருக்கேன். கியர் வராது, கிளட்ச் வராது. ஹார்ன் மட்டும் பிரமாதமா வரும்.

— சாவியை எடுத்துட்டு வந்தியா?

— என்னக்கா, எத்தனை வருஷமா சொல்லித் தர்றேன், சாவியை விட்டுட்டா வருவேன்? பேச்சை மாத்தாதீங்க. இண்டிகேட்டர் போடாம திரும்பறது உங்களுக்குப் பழக்கமாப் போச்சு.

— சரி. உன் பையன் எப்படி இருக்கான்?

— போன மாசம் வரைக்கும் தலையை அவனே வாரிக்கிட்டான்க்கா. இப்ப சீப்பைக் குடுத்தா கை மேல போகல. கையை அங்கயே வச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு சீப்புக்கிட்டக் கொண்டு போறான். நான் பார்க்கலைன்னு நினைச்சுக்கிட்டுச் செய்யறான். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீங்களே சொல்லுங்க, நல்ல மருந்து குடிக்கிற பிள்ளைக்குக் கை இப்படியா விழும்?

— விழலாம். நிஜ மருந்தைக் குடிச்சும் விழலாம்.

— ஆரம்பிச்சுட்டீங்களா!

— அது வேலை செய்யுதா, செய்யலையான்னு பார்க்கத்தானே இந்த ட்ரையலே.

— எலிக்கு வேலை செஞ்சுதே! கூட்டத்துல ஆய்வுக்கூடத்துல இருந்து வந்த நம்ம எலிக்காரர் படம் போட்டுக் காட்டினாரே. அதே நோயை வச்சு வளர்த்த எலி. கம்பியைப் பிடிக்க முடியாம பொத்துனு விழுந்தது, மருந்து குடிச்சப்புறம் கம்பி மேலயே நடந்துச்சு. கை தட்டித் தட்டி என் உள்ளங்கை வீங்கிப் போச்சு.

— உன் பையன் எலி இல்லம்மா.

— அதைக் கேக்கத்தான்க்கா நானும் வந்தேன்! அவன் என்ன எலியா? நீ இந்தக் கூண்டு, நீ அந்தக் கூண்டுன்னு பிரிச்சு விட்டது யாரு?

— கம்ப்யூட்டர். சீட்டுக் குலுக்கின மாதிரி. டாக்டருக்குத் தெரியாது, நர்ஸுக்குத் தெரியாது, எலிக்காரருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

— உங்க நாக்குக்குத் தெரியும்.

— உனக்கு யாரு சொன்னா?

— நம்ம பெத்தவங்க சங்கத்துல யாருக்குத் தெரியாது? மருந்தை முதல்ல நல்லா இருக்கிற பெரியவங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்கள்ல, ஒண்ணும் ஆகாதான்னு. அன்னிக்கு முதல் ஆளா போய் வாயைத் திறந்தது நீங்க. அப்புறம் ஃபேக்டரியில டம்மி செஞ்சப்ப, அதே கசப்பு வந்திருக்கா பாருங்கன்னு உங்களைத்தான் கூப்பிட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க?

— கசப்பு சரியா இருக்குன்னேன்.

— அப்புறம்?

— நிஜ மருந்துல, குடிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் தொண்டையில ஒரு இரும்பு வாடை வரும், இதுல வரலைன்னேன். ரெண்டையும் குடிச்சவங்களுக்குத்தான் அது தெரியும், பரவாயில்லைன்னாங்க. ரெண்டையும் குடிச்சது நான் ஒருத்திதான். அதனாலதான் ட்ரையல் முடியற வரைக்கும் எந்தப் பாட்டிலையும் தொட மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

— நாங்களும் நக்கிப் பார்த்தோம்க்கா. எல்லா அம்மாவும். ஒருத்தி இரும்புங்கறா, ஒருத்தி பாகற்காய்ங்கறா, ஒருத்தி பழைய சாவி மாதிரி இருக்குங்கறா. நீ எப்படி சாவியை நக்கினன்னு கேட்டேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. எங்க நாக்கு எதுக்கும் லாயக்கில்ல. உங்களோடது ஒண்ணுதான் இருக்கு இந்த உலகத்துல.

— அப்ப அது வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்.

— ஏன்க்கா இவ்வளவு பிடிவாதம்? இது யாரு மருந்து? எலிக்காரர் கண்டுபிடிச்சாரு, பத்திரிகையில போட்டாரு, அவர் வேலை முடிஞ்சுது, அடுத்த எலிக்குப் போயிட்டாரு. இனிமே எங்க வேலை இல்லை, கம்பெனிக்காரங்க வேலைன்னு ஆய்வுக்கூடத்துல சொன்னாங்க. நடுவுல கிடந்ததைத் தூக்கிட்டு வந்தது யாரு? நீங்க. பொடியா இருந்ததை மாத்திரையாக்கப் பார்த்தப்ப, எங்க பிள்ளைங்களுக்கு விழுங்க வராதுய்யா, சிரப்பா செய்யுங்கன்னு சண்டை போட்டது யாரு? நீங்க. உங்க மருந்து, உங்க நாக்கு. ஒரு சொட்டுக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?

— நான் மட்டும் தூக்கிட்டு வரல. நீயும்தான் தூக்கின. சிக்னல்ல நின்னு டப்பா குலுக்கினது நீ.

— கத்துக்க வந்தவங்களையும் குலுக்க வச்சேன். டப்பாவுல போட்டாத்தான் ரிவர்ஸ் சொல்லித் தருவேன்னேன்.

— இதைக் கேளு. அப்ப நான் ஒரு கம்பெனிக்குப் போனேன், ஞாபகம் இருக்கா? காபி குடுத்தான். காபி நல்லா இருந்துச்சு. அப்புறம் சொன்னான், மேடம், இந்த நோய் இருக்கிற குழந்தைங்களை விரல் விட்டு எண்ணிடலாம், இதுக்கு மருந்து செஞ்சா எங்களுக்குக் கட்டாதுன்னான்.

— தெரியும். நீங்க என்ன சொன்னீங்கன்னும் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துலயும் அதுக்குத்தானே எல்லாரும் கை தட்டறோம்.

— எண்ணுங்கன்னேன். பேர் சொல்லி எண்ணுங்க, நான் உட்கார்ந்து கேக்கறேன்னேன். அவனுக்கு ஒரு பேர் கூடத் தெரியல. நானே சொன்னேன். உன் பையன் பேரையும் சொன்னேன்.

— அதெல்லாம் இப்ப எதுக்கு?

— அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு கூட்டத்துல நான் சொன்னதில்ல. நம்ம டப்பாக் காசுல மருந்தை சுத்தமா செய்ய வச்சோம். விஷமில்லைன்னு பெரிய மிருகங்கள்ல சோதிச்சோம். நான் குடிச்சேன். அதெல்லாம் முடிஞ்சு திரும்பவும் அதே ஆள்கிட்டப் போனேன். இந்தத் தடவை அவன் எழுந்து நின்னான். குழந்தைங்கள்ல ஒரு ட்ரையல் சுத்தமா முடியட்டும், மருந்து ஜெயிச்சா நாங்களே ஃபேக்டரியில செஞ்சு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பறோம்னான். சுத்தமான்னு அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதான் அவனைக் கட்டிப் போட்டு வச்சிருக்கேன். நீ ஒரு ஸ்பூனை எடுத்துட்டு வந்து அவனை அவிழ்த்து விடப் பார்க்கற.

— ரெண்டே ரெண்டு பிள்ளைங்க பாதிப் பாதி குடிச்சா அவனுக்கு என்ன தெரியப் போகுது?

— நம்ம கூட்டமே சின்னக் கூட்டம். அதுல ரெண்டு பேர் கலந்தாலே அடையாளம் தெரியாமப் போயிடும். மருந்து குடிச்ச பிள்ளைக்குப் பாதிதான் போயிருக்கும், அதனால பாதிதான் தேறும். டம்மி குடிக்கிற பிள்ளைக்கும் பாதி போயிருக்கும், அதுவும் கொஞ்சம் தேறும். கடைசியில ரெண்டு பக்கத்தையும் வச்சுப் பார்ப்பாங்க. பெரிசா வித்தியாசம் ஒண்ணும் இல்லையே, மருந்து வேலை செய்யலைன்னு மூட்டை கட்டிடுவாங்க. வேலை செய்யற மருந்தைக் கொன்னது நோயா இருக்காது. நாமளா இருப்போம்.

— அது நாளைக்கு. என் பையன் கை இன்னிக்கு.

— தெரியும்.

— உங்களுக்குத் தெரியாது! ட்ரையல் முடிஞ்சதும் எல்லாருக்கும் நிஜ மருந்துன்னு சொல்றீங்க. அதுக்குள்ள அவன் கை போயிடுச்சுன்னா?

— போகலாம். எல்லாருக்கும் குடுக்கணும்னு அவங்களோட மல்லுக்கட்டி வாங்கியிருக்கேன். கை போகாதுன்னு என்னால வாங்க முடியல.

— அவ்வளவுதானா? ஒரு ஆறுதல் வார்த்தை கூடக் கிடையாதா?

— பொய் வேணும்னா சொல்லு. அதைச் சொல்லி அனுப்ப வெளியில நிறைய பேர் கடை போட்டிருக்காங்க. இந்த ரூம்ல மட்டும் கிடைக்காது.

— ஆமா, உங்களுக்கென்ன. உங்க பொண்ணுக்கு நிஜ மருந்துதானே வந்திருக்கும்.

— தெரியாது.

— சும்மா சொல்லாதீங்க. சங்கத்தை ஆரம்பிச்சவங்க வீட்டுக்கு டம்மியா அனுப்புவாங்க?

— தெரியாதும்மா. அவளுக்கு மருந்து குடுக்கறது அவங்க அப்பா. அந்த நேரத்துல நான் பால்கனியில போய் நின்னுடுவேன். ஸ்பூனைக் கழுவறதும் அவர்தான்.

— அதான், ஒரு நாளாவது தெரியாத்தனமா...

— பிள்ளைங்க தட்டுல மிச்சம் வைக்கிறதைச் சாப்பிட்டே வளர்ந்த உடம்பு இது. இப்ப அவ மிச்சத்தைக் கொட்டிடறேன். அவ குடிச்ச டம்ளர்ல நான் தண்ணி குடிக்கறதில்ல. மருந்து குடிச்ச கையோட ஓடி வந்து... ஓடி இல்ல, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு முத்தம் குடுக்க வருவா. நான் முகத்தைத் திருப்பிக்கறேன். உதட்டுல ஒட்டியிருக்குமோன்னு.

— அக்கா...

— ஒரு நாள் கேட்டா, அம்மா, நான் நாத்தம் அடிக்கிறேனான்னு.

— ஐயோ. என்ன சொன்னீங்க?

— அம்மாவுக்கு சளி, உனக்கு ஒட்டிக்கும்னேன்.

— எத்தனை நாளைக்கு சளின்னு சொல்லுவீங்க?

— ட்ரையல் ஆரம்பிச்சதுல இருந்து சளிதான்.

— நீங்கல்லாம் மனுஷியாக்கா?

— காலையில அவளும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டா. இன்னிக்கு ஒத்தை ஜடை போட்டு விட்டேன். ரெட்டை ஜடைதான் வேணும்னு ஒரே ரகளை. முறைச்சுக்கிட்டே ஸ்கூலுக்குப் போனா.

— ...

— என்ன, பாட்டிலைத் தள்ளி வைக்கற?

— ஒண்ணுமில்ல. ஒத்தை ஜடையும் நல்லாத்தான் இருக்கும் அவளுக்கு.

— நான் அப்படித்தான் சொன்னேன். என் பெரியவனை உனக்குத் தெரியாதுல்ல?

— கேள்விப்பட்டிருக்கேன். நான் சங்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே...

— ஆமா. இதே நோய்தான். அவனுக்கு யார் எதைச் சொன்னாலும் குடுத்தேன். ஊசி, பொடி, எண்ணெய், தபால்ல வந்தது, யாரோ பெட்டிக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தது. ஒரு வாரம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும். அடுத்த வாரம் இருக்காது. எது அவனைத் தாங்கிப் பிடிச்சுது, எது கீழ தள்ளிச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. டாக்டர்கிட்டக் கேட்டேன், எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்திருக்கீங்க, எதை வச்சும்மா சொல்றதுன்னார். என் பிள்ளை செத்தும் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வரல. அவன் போனதைக் கூட... இல்ல, அதை விடு. இதைத்தான் என்னால தாங்க முடியல.

— நான் அதைக் கிளறணும்னு வரலக்கா.

— நீ கிளறல. அது மேலயேதான் இருக்கு. நான் டைப்பிஸ்டா இருந்தவ. கோர்ட்ல மத்தவங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அடிக்கிறதுதான் வேலை. இந்தத் தடவை இந்த நோய் என்ன சொல்லுதோ, அதை யாரும் நடுவுல கை வைக்காம முழுசாக் கேக்கணும் எனக்கு. ஜெயிச்சோமா, தெரியணும். தோத்தோமா, அதுவும் தெரியணும். தெரியாமத் தோக்கறது மட்டும் இன்னொரு தடவை என்னால ஆகாது.

— நீங்க பேசறப்ப எல்லாம் சரியா இருக்கு. படியிறங்கி வீட்டுக்குப் போனா அவன் சீப்பை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கான். அங்க உங்க பேச்சு நிக்கலையே.

— நிக்காது. எனக்கும் நிக்கறதில்ல.

— சரி, நீங்க சொல்லாட்டிப் போங்க. ரெண்டையும் ஒரே பாத்திரத்துல ஊத்திக் கலக்கி, பாதிப் பாதி எடுத்துக்கிட்டா? எது எதுன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லையே. அப்ப என்ன பண்ணுவீங்க?

— நானே போய் ஆஸ்பத்திரியில சொல்லுவேன். ரெண்டு பிள்ளைங்க பேரையும் சொல்லுவேன். ரெண்டு பேரையும் ட்ரையல்ல இருந்து எடுத்துடுவாங்க.

— அந்தப் பொண்ணையுமா?

— எந்தப் பொண்ணா இருந்தாலும்.

— உண்மையாவே சொல்லுவீங்களா?

— என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?

— ...சொல்லிடுவீங்க. அவரு அப்பவே சொன்னாரு, அவ அசைய மாட்டா, போகாதீங்கன்னு.

— எவரு?

— அதான்... துணிக்கடை அம்மாவோட வீட்டுக்காரரு.

— அவருக்கு என்னை அவ்வளவு தெரியுமா?

— உங்களை யாருக்குத்தான் தெரியாது.

— வேற என்ன சொன்னார்?

— எதுக்குக்கா அதெல்லாம்?

— சும்மா சொல்லு. கேக்கணும் போல இருக்கு.

— பாட்டிலைக் கையில குடுத்தாரு. அப்புறம் என் வண்டியில பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு அழுதாரு. நான் திரும்பல, கண்ணாடியில பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்ல. வீட்டுல அழ இடமில்லைன்னாரு. பொண்டாட்டி கல்லு மாதிரி நிக்கிறாளாம். அவ பக்கத்துல நின்னு அழ வெக்கமா இருக்காம்.

— கல்லுன்னா சொன்னார்?

— கோவத்துல சொல்லலக்கா. அந்தக் கல்லு மேலதான் வீடே நிக்குதுன்னும் சொன்னாரு. ஆனா அது மேல தலை வச்சுத் தூங்க முடியலைன்னாரு.

— ...

— அக்கா? கண்ணு ரெண்டும் கலங்கி...

— சளி.

— தண்ணி குடிக்கறீங்களா? நான் எடுத்துட்டு வரட்டுமா?

— வேண்டாம். உட்காரு. அவர் சாப்பிட்டாரான்னு கேட்டியா?

— யாரு, அவரா? கேட்கலையே. எதுக்குக் கேக்கறீங்க?

— அழுத மனுஷன் சாப்பிட்டிருக்க மாட்டார்னு தோணுச்சு. அவ்வளவுதான். ஹார்ன் மறுபடியும் அடிக்குது பாரு.

— அடிக்கட்டும். அக்கா, நான் சண்டை போட வரல. உங்க மேல எனக்குக் கோவமும் இல்ல, கொஞ்சம்தான் இருக்கு. என்னோடதை விடுங்க. என் பையனை நான் பார்த்துக்கறேன், கை விழுந்தா நான் வாரி விட்டுக்கறேன். இந்தப் பேண்டு சுத்தின பாட்டிலை மட்டும் பாருங்க. அந்தப் பொண்ணுக்காக. அந்த மனுஷனுக்காக. நிஜம்னு தெரிஞ்சா ஒரு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்குவாரு. கலக்க மாட்டோம், பங்கு போட மாட்டோம், என் பையன் மேல சத்தியம். ஒரே ஒரு சொட்டு. கடைசியாக் கேக்கறேன்.

— வேண்டாம்மா. பாட்டிலை வெயில்ல வைக்காதே, வண்டியில ஏசி போட்டு எடுத்துட்டுப் போ. உன்னோடதை உன் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வை. அந்த ரப்பர் பேண்டு சுத்தினதை எங்க வீட்டுல இறக்கிட்டுப் போ, அவர் பால்கனியிலயே நின்னு உன் வண்டியைப் பார்த்துக்கிட்டிருப்பார். முதல்ல சாப்பிடச் சொல்லு. பாட்டிலை இருந்த இடத்துலயே வைக்கச் சொல்லு, அவ ஜடை பேண்டை மட்டும் கழட்டிச் சீப்புப் பக்கத்துல வைக்கச் சொல்லு. காலையில அவளுக்கு ரெட்டை ஜடை போடணும்.